சேசிஸும் சார்ஜர் செருகியும்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் நெடுஞ்சாலையில் ஒரு விநோத வண்டியைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின், சக்கரம், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் இருக்கும்; கூரையோ சுவரோ இராது. ஓட்டுநர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டவெளியில் அமர்ந்து ஓட்டிச் செல்வார். அதுதான் பேருந்துச் சேசிஸ். 1980-இல் அசோக் லேலண்ட் ஓசூரில் ஆலை தொடங்கிய நாளிலிருந்து இப்பகுதிக்குப் பழகிய காட்சி இது. கரூர் போன்ற ஊர்களின் பட்டறைகளில் பாடி கட்டிய பிறகே அது பேருந்தாகிறது.

கணிப்பொறி நிரலில் 'அருவ இனக்குழு' (அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ்) என்பது இந்தச் சேசிஸ்தான். பொதுவான செயற்கூறுகள் அதில் ஒருமுறை எழுதப்பட்டுவிடும். சில செயற்கூறுகளுக்குப் பெயர் மட்டும் இருக்கும். அவற்றை நிரப்புவது, அதை மரபுரிமமாகப் பெறும் இனக்குழுவின் பொறுப்பு. அருவ இனக்குழுவிலிருந்து நேரடியாக ஒரு பொருளையும் உருவாக்க முடியாது. உவமை இங்கே சற்று நொண்டுகிறது. சேசிஸ் சாலையில் ஓடிவிடுகிறதே!

அப்படியானால் 'இடைமுகம்' (இன்டர்ஃபேஸ்) எது? பௌதிகம் கற்பிக்கும் நானும் முதலில் இரண்டும் ஒன்றே என்றுதான் எண்ணினேன். ஓசூரில் மின் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏத்தர் நிறுவனம், தன் சார்ஜர் செருகியின் வடிவமைப்பை 2021-இல் பிறருக்கும் திறந்துவிட்டது. அதன் அடிப்படையிலான தரத்துக்கு இந்திய தர நிர்ணய அமைவனம் ஒப்புதல் தந்திருப்பது 2023-இல் அறிவிக்கப்பட்டது. ஹீரோவின் விடா ஸ்கூட்டரும் அதே செருகியை ஏற்கிறது. அந்தத் தரத்தில் மோட்டாரும் இல்லை, பாட்டரியும் இல்லை. எந்த முனையில் மின்சாரம், எந்த முனையில் செய்தி என்ற உடன்பாடு மட்டுமே உண்டு. உள்ளே எப்படிச் செய்வது என்பது அவரவர் பாடு. இடைமுகமும் அத்தகைய உடன்பாடே.

ஒரு பேருந்து ஒரே சேசிஸின்மீதுதான் நிற்க முடியும். செருகிகள் எத்தனையும் வைக்கலாம். 1995-இல் வெளியான ஜாவா மொழியிலும் இதே விதிதான்: தாய் இனக்குழு ஒன்று, இடைமுகங்கள் பல.

தவறாகத் தேர்ந்தெடுத்தால் என்ன நேரும்? சேசிஸில் பிரேக்கைத் திருத்தினால், அதன்பின் அதில் கட்டப்படும் எல்லாப் பேருந்துக்கும் நன்மை. செருகியில் ஒரு முனையைக் கூட்டினாலோ, சாலையிலுள்ள ஸ்கூட்டர் ஒன்றிலும் அது பொருந்தாது! ஜாவாவுக்கும் இதே தொல்லை வந்தது. பழைய இடைமுகத்தில் புதிய செயற்கூறு ஒன்றைச் சேர்த்தால், அதை ஏற்றிருந்த இனக்குழுக்களெல்லாம் மறுபடி தொகுக்கும்போது பிழை காட்டின. ஆகவே 2014-இல் வந்த ஜாவா 8, இடைமுகத்துக்குள்ளேயே செயற்கூறை முழுதாக எழுதிவைக்க இடம் தந்தது.

வேறுபாடு மறைந்துவிட்டதா? இல்லை. இந்த வண்டியின் வேகம் என்ன, அந்த வண்டியில் மின்னேற்றம் எவ்வளவு என, பொருளுக்குப் பொருள் மாறும் மதிப்புகளை இடைமுகம் வைத்துக்கொள்ள இயலாது. அருவ இனக்குழுவால் இயலும்.