சாளரத்து ஒளியில் முகங்கள்

கண்ணால் கண்டு பழக வேண்டிய ஒரு கலையைச் செவிவழியே சொல்ல முற்படுவது சற்றுத் துணிச்சலான செயல்தான். ஆயினும் மாணவ நேயர்களிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. இக்கலைக்கு வேண்டுவன எல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. ஒரு சாளரம், ஒரு வெள்ளை வேட்டி, ஒரு மேசை விளக்கு. படமெடுக்கும் கருவியோ இன்று கைப்பேசிக்குள்ளேயே அடங்கிவிட்டது. அரிதாகக் கிடைப்பது, எதிரே பொறுமையாக அமர்ந்திருக்க ஓர் ஆள். அவரும் வீட்டில்தான் இருக்கிறார்.

நம் வீடுகள் பலவற்றில், மறைந்த பெரியவர்களின் படமென்று மாலையிட்டு மாட்டியிருப்பது அடையாள அட்டை ஒன்றிலிருந்து பெரிதாக்கிய படமாகவே இருக்கும். என் தாத்தாவின் படமும் அத்தகையதே. நேரெதிரே பாய்ந்த வெளிச்சத்தில் முகம் தட்டையாகிக் கிடக்கிறது. கண்களில் ஒளி இல்லை. சிரிக்கையில் இடக் கன்னத்தில் விழும் குழி இல்லை. அவரை அறியாத என் தங்கை அப்படத்தைக் கண்டு, “தாத்தா ரொம்பக் கோபக்காரரா?” என்று கேட்டாள். அவரோ வீட்டிலேயே அதிகம் சிரித்தவர். ஆச்சிக்கும் அம்மாவுக்கும் இந்நிலை வரலாகாது என்றுதான் நான் ஒளியமைப்பைப் பயிலத் தொடங்கினேன்.

முதலில் அறிய வேண்டுவது ஒளியின் வன்மையும் மென்மையும். கதிரவனின் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், வானில் அது அரைப் பாகை அகலமே தோன்றுகிறது. ஆதலின் வெயிலில் விழும் நிழல், கத்தியால் வெட்டியதுபோல் விளிம்பு கட்டி நிற்கும். மேகம் மூடினாலோ வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது, நிழல் கரைந்துபோகிறது. முகத்திலிருந்து நோக்கும்போது விளக்கு எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பதே கணக்கு. நேர்வெயில் புகாத சாளரத்தின் அருகே அமர்ந்தவருக்கு அச்சாளரம் மிகப் பெரிய விளக்கு. வெயில் விழுமாயின், மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டால் போதும், அத்துணியே விளக்காகிவிடும்.

ஆளை அமர்த்துமுன் ஒரு முட்டையை அமர்த்திப் பாருங்கள். சாளரத்தருகே மேசைமேல் அதை நிறுத்திவிட்டு, நீங்கள் அதைச் சுற்றி நடந்து வாருங்கள். எங்கே தட்டையாகத் தெரிகிறது, எங்கே உருண்டு திரள்கிறது என்பது கால் மணி நேரத்தில் விளங்கிவிடும். முட்டைக்கு முதுகு வலிப்பதில்லை, காப்பியும் கேட்காது.

பிறகு நான் ஆச்சியைத் தார்சாவில் ஒரு முக்காலியில் அமர்த்தினேன். சாளரத்தின் கீழ்க்கதவுகளை அடைத்து மேல்கதவுகளை மட்டும் திறந்து வைத்தேன். ஒளி கண்மட்டத்திற்குச் சற்று மேலிருந்து வருவதே நம் கண்ணுக்கு இயல்பாகப் படுகிறது. நம் வீட்டுச் சாளரங்களை இரண்டு அடுக்காக அமைத்த தச்சர்கள் நமக்குப் பேருதவி செய்திருக்கிறார்கள். சாளரத்தை நேரே நோக்கியபோது சுருக்கங்கள் மறைந்தன. ஆச்சியும் பாதி மறைந்துபோனார். அரைவாசி திரும்பச் சொன்னதும் மூக்கின் நிழல் சாய்ந்து, அப்பாலுள்ள கன்னத்தின் நிழலோடு சேர்ந்தது. அக்கண்ணின் கீழே முக்கோணமாக ஒரு சிறு வெளிச்சத் திட்டு மட்டும் எஞ்சியது. 1606 முதல் 1669 வரை வாழ்ந்த டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தீட்டிய முகங்களில் காணப்படுவதால், இவ்வமைப்புக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். மேலும் திருப்பினால் முகம் இரு கூறாகும். அப்படத்தைக் கண்ட ஆச்சி, “ஏலே, என் மூஞ்சில பாதிய எங்க கொண்டு போட்ட?” என்றார். நாற்காலி முதுகில் வெள்ளை வேட்டியை விரித்து, இருண்ட பக்கம் ஒரு கை தூரத்தில் வைத்தேன். சாளரத்து ஒளி வேட்டியில் பட்டுத் திரும்பி, இருளிலிருந்து கன்னம் மெல்ல வெளிவந்தது. வேட்டியை நெருக்கினால் நிழல் வெளுக்கும், விலக்கினால் ஆழும். பச்சைச் சாயம் பூசிய சுவர் அருகிலிருந்தால் அப்பச்சையும் முகத்தில் ஏறும் என்பதைக் கவனியுங்கள்.

கண்ணின் மணியில் சாளரம் ஒரு வெண்புள்ளியாகத் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அது இல்லையேல் முகம் உறங்கிவிடும். நண்பகலில் முற்றத்தில் எடுத்த படங்களில் கண்கள் குழிவிழுந்து தோன்றுவதற்கு, ஒளி உச்சியிலிருந்து இறங்கிப் புருவத்தடியில் இருள் தேங்குவதே காரணம்.

இனி நிறத்தைப் பற்றி ஒரு சொல். கேமராவின் ஒளியளவி, எதிரே உள்ள காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதிக் கணக்கிடும் இயல்புடையது. இன்றைய கருவிகள் முகத்தை இனங்காணக் கற்றிருந்தாலும், சுண்ணாம்புச் சுவரின் முன் கருநிறத்தவர் நின்றால் சுவரின் வெண்மையைக் குறைக்க முயன்று முகத்தை இருட்டிவிடுவது இன்றும் உண்டு. அவரைச் சுவரிலிருந்து விலக்கி, பின்னணியை இருண்டதாக்கி, முகத்துக்கே ஒளியளவை வைத்துக்கொள்ளுங்கள். கருநிறத் தோலின் வடிவத்தை நன்கு காட்டுவது, நெற்றியிலும் கன்னமேட்டிலும் படரும் மினுமினுப்பு. பக்கவாட்டில் வரும் அகன்ற ஒளி அதனை எழுப்பும். எடுத்தபின் முகத்தை வெளுப்பாக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. என் அம்மா கறுப்பு. அவர் படத்தில் வேறொருவர் இருக்க வேண்டிய அவசியம் என்ன?

வீட்டாரையே வைத்துப் பயின்றவருள் தலையாயவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்த அவருக்கு 1863இல், 48ஆம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தனர். இங்கிலாந்தின் வைட் தீவில், கண்ணாடி வேய்ந்த கோழிக் கொட்டகையே அவருக்குப் படக்கூடமாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. உறவினர், பணிப்பெண்கள், அண்டை வீட்டார் என்று கையில் அகப்பட்டவரையெல்லாம் அமர்த்தினார். அக்காலக் கண்ணாடித் தகடுகளுக்கு நீண்ட நேர ஒளி வேண்டியிருந்ததால், அவர்கள் சிலைபோல் இருக்க நேர்ந்தது. 1875இல் இலங்கையில் குடியேறிய பின்னும் அங்குள்ள மக்களைப் படமெடுத்தார். 1879இல் அங்கேயே மறைந்தார்.

இரவில் பயில விரும்புவோர் மேசை விளக்கை நாடலாம். சிறிய விளக்கின் ஒளி தூரத்தின் இருபடிக்கேற்பக் குறையும். ஒரு மீட்டரில் இருப்பதை இரண்டு மீட்டருக்கு நகர்த்தினால் முகத்தில் நான்கில் ஒரு பங்கே விழும். முகத்துக்கு நேரே, உயரத்தில் அதைப் பிடித்தால் மூக்கடியில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிறு நிழல் தோன்றும். 1932இல் வெளிவந்த ‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’ படத்தில் மார்லீன் டீட்ரிச்சின் முகத்தில் இதனைக் காணலாம். மாலையில் சாளரமும் மஞ்சள் விளக்கும் ஒருங்கே எரிந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் ஆகும், விளக்கை அணைத்துவிடுங்கள்.

அம்மாவை அமரச் சொன்னால் உலை கொதிக்கிறது என்பார். அவர் முறத்தில் அரிசி புடைக்கும் இடம் புறவாசல். காலை எட்டு மணிக்கு அங்கே நிழலான வெளிச்சம். இடத்தையும் நேரத்தையும் முன்னரே பார்த்து வைத்துக்கொண்டு, அனுமதி பெற்று, நான்கைந்து படங்களில் முடித்துக்கொள்ளுங்கள். நல்லதொன்றைத் தாளில் அச்சிட்டு, பின்புறத்தில் பெயரையும் நாளையும் எந்தச் சாளரம் என்பதையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.