‘ஹேவ்’ வந்தால் ‘யெஸ்டர்டே’ வராது

காலையில் கதவைத் திறக்கிறோம். வாசலில் மண் ஈரமாக இருக்கிறது. ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். நல்ல தமிழ். இதையே ‘இட் ஹேஸ் ரெயின்டு லாஸ்ட் நைட்’ என்று சொன்னால் ஆங்கிலத்தில் பிழை. ‘இட் ரெயின்டு லாஸ்ட் நைட்’ என்பதே சரி.

பிரசன்ட் பெர்ஃபெக்டில் நாம் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தமிழில் ‘இரு’ சேர்ந்த வினை, நேரில் பார்க்காமல் தடயத்தைக் கொண்டு ஊகித்ததையும் சொல்லும். அதனால் அதனோடு ‘நேற்று’, ‘போன வருடம்’ எல்லாம் சேரும். ஆங்கில ‘ஹேவ்’வுக்கு அந்த வேலை கிடையாது. முன்பு நடந்த ஒன்றை இந்த நேரத்தோடு முடிச்சுப் போடுவதே அதன் வேலை. முடிந்துபோன நாளையோ மணியையோ குறிப்பிட்டதும் முடிச்சு அவிழ்ந்துவிடும். சென்ற வாரம் பார்த்த சிம்பிள் பாஸ்ட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

‘சற்று முன் முடிந்த செயலுக்கு பிரசன்ட் பெர்ஃபெக்ட்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு முன் பஸ் போய்விட்டது: ‘த பஸ் லெஃப்ட் டென் மினிட்ஸ் அகோ.’ சற்று முன் நடந்ததுதான், ஆனாலும் ‘அகோ’ வந்ததால் ‘ஹேஸ்’ வராது. முப்பது வருடத்துக்கு முன் திருக்குறளைப் படித்து முடித்தவரோ ‘ஐ ஹேவ் ரெட் த திருக்குறள்’ என்று இன்றைக்கும் சொல்லலாம். படித்தது எப்போதோ, படித்தவர் என்பது இப்போதும் உண்மை.

ஆள் காலமாகிவிட்டால்? ‘பாரதியார் காசியில் வாழ்ந்திருக்கிறார்’ என்பது நமக்கு இயல்பு. ‘பாரதி ஹேஸ் லிவ்டு இன் காசி’ என்றால் அவர் இன்னும் இருக்கிறார் என்றே ஆங்கிலக் காதுக்குப் படும். 1921-இல் மறைந்தவருக்கு வெறும் ‘லிவ்டு’தான்.

‘எழுதி முடித்த கடிதம் என்னிடம் இருக்கிறது’ என்பது போன்ற உடைமை வாக்கியத்திலிருந்து வளர்ந்ததுதான் இந்த ‘ஹேவ்’. ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இதே அமைப்பு உண்டு. ஆனால் அந்த மொழிகளின் பேச்சில் அது சாதாரண இறந்த காலமாகவே ஆகிவிட்டது. ‘நேற்று’ அதோடு கூசாமல் வந்து உட்காரும். ஆங்கிலம்தான் பிடிவாதமாக நிற்கிறது. அமெரிக்கர்கள் ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ என்னும் இடத்தில் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்று கேட்பதுண்டு. அவர்களும்கூட ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்று சொல்ல மாட்டார்கள்.

‘திஸ் மார்னிங்’ என்பதைக் கவனியுங்கள். காலை பத்து மணிக்கு ‘ஐ ஹேவ் சீன் ஹிம் திஸ் மார்னிங்’ சரி, காலை இன்னும் முடியவில்லை. மாலையில் ‘ஐ சா ஹிம் திஸ் மார்னிங்’.

தலைகீழான பிழையும் உண்டு. ‘2010-லிருந்து மதுரையில் இருக்கிறேன்’ என்று சொல்ல தமிழுக்கு நிகழ்காலமே போதும். அந்தப் பழக்கத்தில் ‘ஐ ஆம் லிவிங் இன் மதுரை சின்ஸ் 2010’ என்று எழுதிவிடுகிறோம். அன்று தொடங்கி இன்றுவரை நீள்வதைச் சொல்ல ஆங்கிலத்துக்கு ‘ஹேவ்’ வேண்டும்: ‘ஐ ஹேவ் லிவ்டு இன் மதுரை சின்ஸ் 2010.’

வேலைக்கான நேர்முகத் தேர்வில் இது உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும். ‘ஐ ஒர்க்டு தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள். ‘ஐ ஹேவ் ஒர்க்டு தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்று எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். அடுத்த கேள்வி, ஏன் விட நினைக்கிறீர்கள் என்பதாக இருக்கும்.

(தொடரும்)