எங்கிட்டுப் போறீக?

சிவகங்கைப் பக்கம் கண்மாய்க் கரையில் நடந்துபோகும் வெளியூர்க்காரரைக் கண்டால், வரப்பு வெட்டுகிறவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்பார்: “எங்கிட்டுப் போறீக?” “இந்தா, இப்படித்தான்” என்று கையைக் காட்டினாலே போதும். இருவருக்கும் திருப்தி. ஒரு செய்தியும் கைமாறாத இந்தப் பேச்சு எதற்காக?

மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி இதைப் பற்றி 1923-இல் எழுதினார். முதல் உலகப்போர்க் காலத்தில் பசிபிக் கடலின் டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆய்வு செய்தவர் அவர். வாய் திறக்காமல் எதிரே நிற்கும் அந்நியன் அச்சம் தருகிறான், இரண்டு சொல் பேசியதும் அந்த இறுக்கம் தளர்கிறது, இத்தகைய பேச்சின் வேலையே அதுதான் என்பது அவர் கருத்து. பின்னாளில் அதே தீவுகளில் ஆய்வு செய்த மொழியியலாளர் குந்தர் செனஃப்ட் இன்னொன்றைக் கவனித்தார். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் அங்கேயும் “எங்கே?” என்றுதான் கேட்கிறார்கள். கேட்கப்பட்டவர் போகுமிடத்தை உண்மையாக, விவரமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் போய்ச் சேராவிட்டால் எந்தத் திசையில் தேடுவது என்பது ஊருக்குத் தெரிந்திருக்கும்.

நம் ஊர்களிலும் அப்படித்தானே! ஆடு மேய்க்கப் போன அப்பத்தா பொழுது சாய்ந்தும் திரும்பாவிட்டால், “ஊருணிப் பக்கம் போறேன்னு சொல்லுச்சே” என்று சொல்ல எப்படியும் ஒருவர் இருப்பார். வெட்டிப் பேச்சு என்று நாம் நினைத்தது, ஊர் தன் ஆட்களைக் கணக்கில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு.

சொல்லுக்கும் முன்னால் முகம் பேசிவிடுகிறது. ஆஸ்திரிய ஆய்வாளர் ஐப்ல்-ஐபஸ்ஃபெல்ட், 1960-களில் கேமராவின் லென்ஸில் கண்ணாடி பொருத்தி, வேறு திசையைப் படமெடுப்பதுபோல நின்று மக்களைப் படம்பிடித்தார். பாலித் தீவிலும் சமோவாவிலும் அமேசான் காட்டு யானோமாமி மக்களிடமும் ஒரே அசைவு பதிவானது: தெரிந்த முகத்தைக் கண்டதும் இரு புருவங்களும் ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் மேலே எழுந்து இறங்குகின்றன. செய்கிறவருக்கே தெரியாது, பார்க்கிறவர் முகம் மட்டும் மலர்ந்துவிடும். மனித உடலில் எனக்கு மிகவும் பிடித்த அசைவு இது.

எதிர்ப்படுகிறவரைப் பார்ப்பதும் விசாரிப்பதும் நகரத்தில் ஏன் குறைகின்றன? நகரத்தாரின் மனக்கோணல் என்று சொல்வது அநியாயம். உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970-இல் ஒரு கணக்கை எடுத்துக்காட்டினார். நியூயார்க்கின் புறநகரான நாசோ வட்டாரத்தில், அலுவலகத்திலிருந்து பத்து நிமிடத் தொலைவுக்குள் ஒருவர் சந்திக்கக்கூடியவர்கள் 11,000 பேர். மன்ஹாட்டன் நடுப்பகுதியில் 2,20,000 பேர். அத்தனை பேருக்கும் தலையசைத்தால் கழுத்து தாங்காது. மனம் தன்னைக் காத்துக்கொள்ளக் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறது.

ஆனால் அதற்கும் விலை உண்டு. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. எதிரே வந்தவர்களில் சிலரை ஆய்வுக்குழுப் பெண் ஒருவர் கண்ணோடு கண் பார்த்துக் கடந்தார். சிலரை, அங்கே ஆளே இல்லாததுபோல ஊடுருவிப் பார்த்துக் கடந்தார். உடனே இன்னொருவர் அவர்களை நிறுத்திக் கேட்டபோது, ஊடுருவிப் பார்க்கப்பட்டவர்கள் மற்றவர்களிடமிருந்து கூடுதலாக விலகியிருப்பதாக உணர்ந்தது தெரிந்தது.

முன்பின் அறியாத ஒருவரின் சில நொடிப் பார்வைக்கே இப்படியென்றால், பிறந்த ஊரில் வாழ்நாள் முழுக்க அப்படிப் பார்க்கப்பட்டவர்களை என்ன சொல்வது? ஆதிக்க சாதித் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுக்கவும் தோள்துண்டை இடுப்புக்கு இறக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் நம் கிராமங்களில் இருந்தார்கள். தாத்தா வயதுக்காரரைச் சிறுவன் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிட்டான். அந்நியரிடம் “எந்த ஊரு?” என்பதற்கு அடுத்து வரும் “எந்தத் தெரு?” இன்றும் பல இடங்களில் சாதியைத்தான் துழாவுகிறது. கிராமத்தின் நேசத்தைப் புகழ்கிற கட்டுரைகள் இதை விட்டுவிடுவது எனக்குப் பொறுப்பதில்லை. பர்டூவில் செய்ததை நம் ஊர்களில் செய்ய வேண்டும்: யார் யாரை நிமிர்ந்து பார்க்கிறார்கள், யார் முதலில் வாய் திறக்கிறார்கள், பதிலில் ‘ங்க’ வருகிறதா என்று, தெருத் தெருவாக எண்ணி.