பழைய டிராக்டருக்குப் புது வாட்டர் பம்ப்: மாட்டும் முன் கவனிக்க வேண்டியவை

சேற்று உழவு நடக்கும் நேரத்தில் டிராக்டரின் சூட்டு முள் சிவப்பைத் தொட்டால், பலரும் ரேடியேட்டரில் தண்ணீரை ஊற்றிவிட்டு உழவைத் தொடர்கிறார்கள். வாட்டர் பம்ப் போயிருந்தால் அந்தத் தண்ணீர் எஞ்சினைக் காப்பாற்றாது. கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விடவும் கூடும். பிறகு பம்ப் விலையைப் போலப் பல மடங்கு செலவு.

மாஸே ஃபெர்குசன் 1035 போன்ற பழைய டிராக்டர்களில் பம்ப் எஞ்சினின் முன்பக்கம், ஃபேனுக்குப் பின்னால் இருக்கும். ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் அரை நாளில் மாற்றிவிடலாம். ஆனால் மாற்றிய பம்ப் அடுத்த வருடமே மறுபடி ஒழுகுகிறது என்றால், உப்புத் தண்ணீரும் இழுத்துக் கட்டிய பெல்ட்டும்தான் பெரும்பாலும் காரணம்.

போனது பம்ப்தானா?

எஞ்சின் ஆறிய பிறகு ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. பம்பின் அடிப்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். அதில் தண்ணீர் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது. சிலர் அந்தத் துளையைப் பசை வைத்து அடைத்துவிடுகிறார்கள். அது தப்பு. வெளியேற வழியில்லாத தண்ணீர் பேரிங்குக்குள் போகும். பேரிங் உடைந்தால் ஃபேன் முன்னால் வந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும்.

எஞ்சின் ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் கோளாறு பெரும்பாலும் ஹெட் கேஸ்கட்டில் இருக்கும். பம்ப் மாற்றிப் பயனில்லை. ரேடியேட்டர் முகப்பில் பதரும் தூசியும் அடைத்திருந்தாலும் எஞ்சின் சூடேறும். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகக் காற்றடித்துப் பார்த்துவிட்டுப் பம்ப் வாங்கப் போங்கள்.

கழற்றும்போது

பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. ரேடியேட்டர் அடியிலும் எஞ்சின் பிளாக்கிலும் உள்ள திருகுகளைத் திறந்து தண்ணீரை ஒரு வாளியில் பிடியுங்கள். கூலன்ட் கலந்த தண்ணீர் இனிக்கும், ஆனால் விஷம். ஆடு, மாடு, நாய் வாய் வைக்கிற இடத்தில் விடாதீர்கள்.

டைனமோ போல்ட்டைத் தளர்த்தினால் பெல்ட் வந்துவிடும். பிறகு ஃபேன், ஹோஸ், பம்ப் போல்ட்டுகள். போல்ட்டுகளின் நீளம் ஒரே மாதிரி இருக்காது. ஒரு அட்டையில் பம்பின் வடிவத்தை வரைந்து, எந்த போல்ட் எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். துருப்பிடித்த போல்ட்டை முறுக்கி உடைத்தால் வேலை லேத் பட்டறைக்குப் போய்விடும். துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுவதே மேல்.

புதிய பம்பைப் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். துளைகள், தண்டின் நீளம், உள்ளே சுழலும் இறக்கைகளின் திசை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். புல்லியைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். அந்த அடி நேராகப் புது பேரிங்கிலும் சீலிலும்தான் விழும்.

மாட்டும்போது

பழைய கேஸ்கட்டை ஒரு துணுக்குகூட இல்லாமல் சுரண்டி எடுங்கள். எஞ்சின் துளைக்குள் துகள் விழாதபடி துணி செருகிக்கொண்டு, வேலை முடிந்ததும் மறக்காமல் அதை எடுத்துவிடுங்கள். புது கேஸ்கட்டில் பசையை மெல்லிசாகத் தடவினால் போதும். அப்பி வைத்தால் பிதுங்கி உள்ளே போய் ரேடியேட்டர் குழாயை அடைக்கும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஃபேன் கழற்றிய பக்கமாகவே திரும்ப ஏற வேண்டும்.

இனி பெல்ட். இரண்டு புல்லிகளுக்கு நடுவே, நீளமான பக்கத்தில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் தாழ வேண்டும். தளர்ந்திருந்தால் பம்ப் சரியாகச் சுற்றாது. விறைப்பாக இருந்தால் பேரிங் சீக்கிரம் போகும்.

சூடு குறையட்டும் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் ஓடினால் டீசல் கூடுதலாகச் செலவாகும், சிலிண்டரும் தேயும். தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் கொதிப்பதற்குள் திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள்.

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு படிந்து சீலை அரிக்கும். கூலன்டும் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரும் சரிபாதி கலந்து மெதுவாக ஊற்றுங்கள். மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறி மட்டம் இறங்கும். அந்த அளவுக்கு நிரப்பி மூடுங்கள். முதல் நாள் உழவு முடிந்து எஞ்சின் ஆறியதும், சொட்டுகிறதா என்று பார்த்து, பெல்ட்டையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். புது பெல்ட் என்றால் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.