சத்தமில்லாமல் காணாமல் போகும் சோதனைகள்

"மென்பொருள் நன்றாகத்தானே ஓடுகிறது, சோதனைக் கருவியை ஏன் மாற்ற வேண்டும்?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

நிரல் எழுதுகிறவர், அதைச் சரிபார்க்கவும் சிறு நிரல்களை எழுதி வைக்கிறார். இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்து வருகிறதா என்பதுபோல. நாளடைவில் இவை ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். அத்தனையையும் தேடிப் பிடித்து, ஓட்டி, எத்தனை தேறின, எத்தனை தவறின என்று சொல்வதுதான் சோதனைக் கட்டமைப்பு.

பைத்தான் மொழியில் 'நோஸ்' என்ற கட்டமைப்பு ஒரு காலத்தில் வெகு பிரபலம். அதன் கடைசி வெளியீடு 2015ல் வந்தது. 2021ல் வந்த பைத்தான் 3.10ல் சில பழைய பெயர்கள் நீக்கப்படவே, நோஸ் ஓடாமலே போயிற்று. அறிவியல் கணக்கீட்டுக்கு உலகெங்கும் பயன்படும் 'நம்பை' முந்திக்கொண்டது. 2018லேயே 'பைடெஸ்ட்'டுக்கு மாறிவிட்டது. ஆக, இது ஆசைக்காகச் செய்யும் வேலை அல்ல.

மாற்றும்போது சிவப்பு நிறத்தில் வந்து நிற்கும் பிழைகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கண்ணுக்குத் தெரிகின்றன, திருத்திவிடலாம். காணாமல் போகும் சோதனைகள்தாம் ஆபத்து. 'டெஸ்ட்ஸ்' என்று பெயரிட்ட கோப்பை நோஸ் எடுத்துக்கொள்ளும். பைடெஸ்ட், பெயரில் 'டெஸ்ட்' என்ற சொல்லை அடிக்கோடு பிரித்துக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கும். நாம் தனியாகச் சொல்லி வைக்காவிட்டால் அந்தக் கோப்பை எட்டிக்கூடப் பார்க்காது.

இன்னொன்று இதைவிட மோசம். 'யீல்டு' என்ற சொல்லால் ஒரு சோதனையிலிருந்து பல சோதனைகளைப் பிறப்பிக்கும் பழைய முறையைப் பைடெஸ்ட் 2018ல் 4.0 பதிப்பில் கைவிட்டது. அதன்பின் அவை ஓடவே இல்லை. 'தவறும் என்று எதிர்பார்த்ததே' என்ற கணக்கில் ஓர் எச்சரிக்கையோடு ஒதுங்கின. மொத்த முடிவோ தேர்ச்சி! 2025ல் வந்த 8.4 பதிப்புதான் இதை வெளிப்படையான பிழையாக்கியது.

அடுக்குமாடி வீட்டில் தீ எச்சரிக்கை மணியை மாற்றுகிறார்கள் என்று வையுங்கள். மணி அடிக்கவில்லை. தீ இல்லையா, கம்பி இணைக்கவில்லையா?

ஆகவே மாறுமுன் சோதனைகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். மாறிய பின் ஒப்பிடுங்கள். பிறகு நிரலில் வேண்டுமென்றே ஒரு தவறைச் செய்து, புதிய கட்டமைப்பு கத்துகிறதா என்று பாருங்கள். கத்தவில்லை என்றால் பழையதை இன்னும் அழிக்காதீர்கள்.