திரையில் பிரியாணி, தெருவில் கஞ்சி

மக்தபில் ஓத வரும் சிறுவன் ஒருவன் ஒருநாள் கேட்டான்: “ஹஜ்ரத், சினிமாவுல வர்ற பாய்மாருங்க எப்பப் பார்த்தாலும் பிரியாணிதானே சாப்பிடுறாங்க. நம்ம வீட்டுல மட்டும் ஏன் தினமும் ரசம்?” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எனினும் வீடு திரும்பும்வரை அக்கேள்வி என்னை விடவில்லை.

அரியலூரில் கலைக்கல்லூரி மாணவனாயிருந்த நாள்களில் பழைய படங்களை விரும்பிப் பார்த்தவன் நான், அதை மறைப்பதற்கில்லை. 1955இல் ‘குலேபகாவலி’, அடுத்த ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸாரின் வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என அரண்மனைக் கதைகள் வந்தன. பட்டுத் தலைப்பாகையும் பழத்தட்டும் அங்கே இருந்தன. வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டுக்காரர் இல்லை. 1961இல் ஏ. பீம்சிங்கின் ‘பாவமன்னிப்பு’ வெளிவந்தது. முஸ்லிம் பெரியவரிடம் வளரும் ரஹீமாகச் சிவாஜி கணேசன் நடித்தார், டி. எம். சௌந்தரராஜனோடு நாகூர் ஈ. எம். ஹனீபாவின் கம்பீரக் குரலும் அதில் ஒலித்தது. பக்கத்து வீட்டு மனிதராக நாம் திரையில் நின்ற அபூர்வமான படங்களுள் அது ஒன்று என்பது என் மதிப்பீடு. 1992இல் ‘ரோஜா’ வந்தபின், துப்பாக்கி ஏந்தியவராகப் பல படங்களில் காட்டப்பட்டோம். 1991இல் ‘கேப்டன் பிரபாகரன்’ படத்தைத் தயாரித்த இப்ராஹிம் ராவுத்தரைப்போல், திரைக்குப் பின்னால் நம்மவர் இருந்தே வந்தனர். திரைக்கு முன்னால் எஞ்சியவரோ பிரியாணி பரிமாறும் பாய்தான். நோன்புக் கஞ்சி காய்ச்சும் காட்சி எதையும் நான் கண்ட நினைவில்லை.

ரமலானில் அஸர் தொழுகைக்குப் பின் லப்பைக்குடிக்காட்டிலோ வி.களத்தூரிலோ சற்றே நின்று பாருங்கள். தூக்குவாளியோடு பிள்ளைகள் பள்ளிவாசலை நோக்கி ஓடுவர். பிற சமயத்து அண்டை வீட்டாரும் பாத்திரத்தோடு வருவதுண்டு. உடைத்த பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, புதினா, மல்லித்தழை, இறுதியில் தேங்காய்ப்பால். வசதிப்பட்டால் சிறிது கொத்துக்கறி. சின்ன வெங்காயத்துக்கு நம் மாவட்டத்தார் அலைய வேண்டியதில்லை. செட்டிகுளம் பக்கத்து வயல்களில் விளைவதே போதும். பகலெல்லாம் வெறுமையாயிருந்த வயிற்றுக்கு நீரும் உப்பும் சத்தும் ஒரே கிண்ணத்தில் கிடைக்கின்றன. குழைவாயிருப்பதால் எளிதில் செரிக்கும்.

2020ஆம் ஆண்டு அந்த அண்டா அடுப்பேறவில்லை. கொரோனா ஊரடங்கால் பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்தன. கஞ்சிக்கென 2,895 பள்ளிவாசல்களுக்கு அரசு ஒதுக்கிய 5,450 டன் பச்சரிசியை வீடுகளுக்கே பகிர்ந்தளிப்பது என முடிவாயிற்று. அரிசி வந்து சேர்ந்தது. காய்ச்சத்தான் பல வீடுகளில் கைப்பழக்கமில்லை. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிவாசலில் வாங்கிக் குடித்தே பழகிவிட்டோம்!

(அதே 2020இல்தான், வி.களத்தூருக்கும் உரிய வேப்பந்தட்டை வட்டத்திலுள்ள அரும்பாவூரின் மரச்சிற்பக் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உளி பிடித்த கைகளின் அறிவு ஏட்டில் ஏறியது. அகப்பை பிடித்த கைகளை யார் எழுதினார்கள்?)

எங்கள் பள்ளிவாசலில் பல்லாண்டுகளாகக் கஞ்சி காய்ச்சிய பெரியவரிடம் தொலைபேசியில் அளவு கேட்டேன். “அண்டாவுக்குக் கேளுங்க ஹஜ்ரத், சொல்றேன். அஞ்சு பேருக்கு எவ்வளவுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

என் மனைவி தாமே முயன்றார். முதல் நாள் சோறாக இறுகியது, மறுநாள் அடிபிடித்தது. நான்காம் நாள் ஒரு தூக்குவாளியில் ஊற்றிப் பெரியவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மஃக்ரிபுக்குப் பின் அழைப்பு வந்தது. “வெந்தயம் கூடிப்போச்சு. பாதியாக் குறைக்கச் சொல்லுங்க. தேங்காய்ப்பால் ஊத்துனதும் அடுப்ப அணைச்சிடணும், கொதிக்க விட்டா திரிஞ்சிடும்.” மனைவி அதனைப் பள்ளிப்பிள்ளையின் நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைத்தார். ஒரு வாரம் இப்படியே தூக்குவாளி போவதும் திருத்தம் வருவதுமாக நடந்தது. ஐந்து பேருக்கான அளவு அரைத் தேக்கரண்டி வரை துல்லியமாகிவிட்டது.

அடுத்த ரமலானுக்கு முன் பெரியவர் வஃபாத்தாகிவிட்டார். இன்று பள்ளிவாசலில் வேறொருவர் காய்ச்சுகிறார். நன்றாகவே காய்ச்சுகிறார், ஆயினும் அந்த ருசி இல்லை என்று முதியோர் சொல்கின்றனர். நோட்டுப்புத்தகம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் ஐந்து பேருக்கான கணக்கு இருக்கிறது. அவர் சொல்கிறேன் என்ற அண்டாவின் கணக்கை மட்டும் நான் கேட்கவேயில்லை.