வில்லும் விரலும்

சென்ற மாதம் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் ஒன்பது வயது மகளுடன் என்னைக் காண வந்தார். "சாமி, வயலின் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அழுகிறாள், நீங்களே புத்தி சொல்லுங்கள்" என்றார். சிறுமியிடம் காரணம் கேட்டேன். "தப்பாக வாசித்தால் மிஸ் வில்லைப் பிடுங்கிக்கொள்கிறார்" என்றாள். அதற்குமேல் அவள் பேசவில்லை. புத்தி சொல்லவேண்டியது யாருக்கு என்பது எனக்கு உடனே விளங்கவில்லை.

குருமடத்தில் எனக்கு ஆர்மோனியம் கற்பித்தவர் நல்லவர்தாம்; ஆயினும் பென்சிலால் விரற்கணுவில் தட்டுவார். இன்றும் எவரேனும் அருகில் நின்றால் என் மோதிரவிரல் தடுமாறுகிறது. ஆகவே இப்பொருளில் நான் நடுநிலையாளன் அல்லேன்.

ஜப்பானியரான ஷினிச்சி சுசுகி (1898-1998) வயலின் தொழிற்சாலை உரிமையாளரின் மகன். ஆயினும் பதினேழு வயதளவில், மிஷா எல்மன் வாசித்த 'ஆவே மரியா' இசைத்தட்டைக் கேட்ட பின்னரே அவருக்கு அக்கருவியின்மேல் நாட்டம் பிறந்தது. 1920களில் பெர்லின் சென்று கார்ல் கிளிங்லரிடம் பயின்றார். அங்கே ஜெர்மானிய மொழி அவருக்கு எளிதில் வசப்படவில்லை. எனினும் எந்த நாட்டுக் குழந்தையும் தன் தாய்மொழியைத் தடையின்றிப் பேசிவிடுகிறதே! அது எவ்வாறு கற்கிறதோ அவ்வாறே இசையையும் ஏன் கற்கலாகாது? உலகப் போருக்குப் பின் மாட்சுமோட்டோ நகரில் அவர் இவ்வெண்ணத்தைச் செயற்படுத்தினார்.

அம்முறையில் செவிக்கே முதலிடம். வாசிக்கவேண்டிய பாடல்கள் வீட்டில் நாள்தோறும் ஒலித்தவண்ணம் இருக்கும். பேசிய பின்னரே குழந்தை எழுத்துக் கற்பதுபோல், இசைக்குறியீடு பின்னரே வரும். கற்றுமுடித்த பாடல்களைக் கைவிடாமல் மீண்டும் மீண்டும் வாசிப்பர். எல்லாவற்றினும் என்னைக் கவர்ந்தது வேறொன்று: தொடக்கத்தில் தாயோ தந்தையோ முதலில் வயலினைக் கற்கவேண்டும். அம்மா வாசிப்பதைப் பார்க்கும் பிள்ளை, தனக்கும் அது வேண்டும் எனக் கேட்கும். அவ்வாறு கேட்கும்வரை காத்திருப்பார்கள்.

இம்முறையில் குறையே இல்லை என்பதற்கில்லை. செவியால் மட்டும் பழகிய பிள்ளைகள் புதிய இசைத்தாளைக் கண்டால் திணறுவர் என்பது பிற ஆசிரியர் கூறும் குற்றச்சாட்டு. அதில் உண்மை உண்டு.

பழைய வழியோ அடிப்படைப் பயிற்சியில் தொடங்குவது. பத்து வயதளவில் பேத்தோவனிடம் பியானோ பயிலச் சென்ற கார்ல் செர்னிக்கு, முதற் பாடங்களில் சுரவரிசைகளும் கைந்நிலையும் கட்டைவிரலின் பயனுமே கிடைத்தன. அதே செர்னி பின்னர் வியன்னாவில் சிறுவன் லிஸ்ட்டுக்குக் கட்டணமின்றிக் கற்பித்தார். கட்டுக்கடங்காத வேகம் கொண்ட அச்சிறுவனைத் தாளத்திற்குள் நிறுத்தினார். லிஸ்ட் அதை மறக்கவில்லை. 1852இல் வெளியான தம் கடினமான பயிற்சிப் பாடல்களைத் தம் ஆசிரியருக்கே காணிக்கையாக்கினார். கண்டிப்பு வேறு, அவமதிப்பு வேறு என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. செர்னியின் மற்றொரு மாணவர் லெஷெட்டிஸ்கி, தமக்கென முறை ஏதுமில்லை என்றே கூறிவந்தார். மாணவனுக்கு மாணவன் கை வேறு, மனம் வேறு அன்றோ!

நம் ஊர் ஆசிரியைகளையும் குறை கூறுவது எளிது. அவர்களுக்குக் கிடைப்பதோ வாரத்திற்கு ஒரு மணி நேரம். பெற்றோர் வாயிலில் நின்று, இலண்டன் டிரினிட்டி தேர்வில் பிள்ளை எந்தக் கிரேடு எழுதும் என்று மட்டும் கேட்கின்றனர். பிள்ளை வீட்டில் எப்படிப் பழகுகிறது என்பதை எத்தனை பேர் சொல்கின்றனர்?

வகுப்பில் உடன் அமர இசைவு கேட்குமாறு அத்தாயிடம் கூறினேன். ஆசிரியை முதலில் தயங்கிப் பின் இசைந்தாராம். மூன்று வாரம் கழித்து ஞாயிறு திருப்பலி முடிந்து அத்தாய் என்னிடம் வந்தார்.

"வில்லை நேராக இழுப்பதே இவ்வளவு பாடா, சாமி? நானும் தினமும் முயல்கிறேன், வரவில்லை."

"அம்மா மணிக்கட்டை மடக்கவே மாட்டேன் என்கிறார், சாமி" என்றாள் சிறுமி. நான் பார்க்கவேண்டும் என்பதற்காகத் தாயின் கையைப் பிடித்து, எவ்வாறு மடக்கவேண்டும் என்று காட்டவும் செய்தாள்.